டெம்பஸின் பூசாரிக்குச் சரணடைந்தவனைக் கொல்ல உரிமை உண்டா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உப்புவெளியில் உங்கள் வீட்டு முன்விறாந்தையில் சனிக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறீர்கள், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையைச் சுற்றியிருந்து கதையாக ஆடுகிற விளையாட்டு. நீங்கள்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர். கதை நடக்கிற கற்பனை உலகம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். உங்கள் அண்ணா டெம்பஸ் என்ற போர்க்கடவுளின் கிளெரிக்காக, அதாவது பூசாரியாக, ஆடுகிறார். போன முறை, வாளைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் நின்ற ஒரு கோப்ளினை (அந்த உலகத்துக் குட்டி அரக்க இனம்) அவர் வெட்டிப்போட்டு, "என்ர சாமி போர்ச்சாமி, அவருக்கு இதுதான் பூசை" என்று சொல்லியிருக்கிறார். மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா எழும்பிப் போய்விட்டா. அண்ணா சொன்னது சரியா, டெம்பஸ் நல்லவரா கெட்டவரா, இப்படியொரு சாமியை திருகோணமலையில் ஒரு வீட்டு மேசைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. அண்ணா சொன்னது பிழை. ஆயுதத்தைப் போட்டுவிட்டு, யாருக்கும் ஆபத்தில்லாமல் நிற்கிறவனைக் கொல்வது டெம்பஸின் சபையில் பெரும் பாவம். அந்த ஒரு கோப்ளினுக்காகக் கடவுளையே ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் மிச்சத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டெம்பஸை என் மேசையில் பல வருடமாக வைத்திருக்கிறேன். அந்த உலகத்துக் கடவுள்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். விளையாட்டின் விதிப் புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹாண்ட்புக்கின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை இருக்கிறது, கடவுளுக்கு ஒரு வரி. டெம்பஸ்: போர், நடுநிலை, வார் டொமைன் (கிளெரிக்குக்குக் கிடைக்கிற போர்ச் சக்திகளின் தொகுதி), சின்னம் நிமிர்ந்து எரியும் வாள். அதே பக்கத்தில் பேன் என்பவரைப் பாருங்கள். கொடுங்கோன்மையின் கடவுள், சுத்தக் கெட்டவர், அவருக்கும் வார் டொமைன். டோர்ம் துணிச்சலுக்கும் தியாகத்துக்கும் உரிய கடவுள், மிக நல்லவர், அவருக்கும் வார் டொமைன். ஆகவே மூன்று பேரின் கிளெரிக்குக்கும் ஒரே மந்திரம், ஒரே கவசம், ஒரே ஆயுதப் பயிற்சி. அட்டவணையோடு நின்றுவிட்டால் அண்ணாவைப் போலத்தான் எவரும் நினைப்பார்கள்.

பேனுக்குப் போர் ஒரு கருவி. மற்றவன் மண்டியிட வேண்டும், அதற்கு எது உதவுமோ அது. டோர்முக்குப் போர் ஒரு கடமை. டெம்பஸுக்குப் போரே விஷயம். அது எப்படித் தொடங்குகிறது, எப்படி நடக்கிறது, எப்போது நிற்கிறது, அதில் விழுந்தவனை யார் நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய கவலை. யார் வெல்கிறார்கள் என்பதில் அவருக்குப் பக்கம் இல்லை. அவர் போரை வென்று கொடுப்பதில்லை, தகுதியுள்ள வீரன் வெல்வதற்குக் கைகொடுக்கிறார் என்பதுதான் அவருடைய மறையின் முதல் பாடம். இந்த உலகத்தைக் கற்பனை செய்த எட் கிரீன்வுட் இந்தக் கடவுள்களை 1981 இல் டிராகன் இதழில் எழுதி, 1987 இல் உலகம் முழுவதும் ஒரு பெட்டியாக வெளிவந்து, 1996 இல் குருமாருக்கென்றே ஒரு தடித்த புத்தகம் வந்தது. நான் சொல்லப்போகிறதில் பெரும்பகுதி அந்த மூன்றாவது காலத்தில் எழுதப்பட்டது. பழைய பதிப்புகளில் இவரை ஒழுங்கற்ற நடுநிலை என்று போட்டிருப்பார்கள், ஐந்தாம் பதிப்பில், அதாவது அந்த 2014 புத்தகத்தில், வெறும் நடுநிலை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவ்வளவுதான் பதில்: நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. ஆனால் வரம்பு உள்ளவர். அந்த வரம்பைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

டெம்பஸின் குருமாருக்கு இட்ட முக்கியமான வேலை, போரை விதிக்குள் வைத்திருப்பது. ஆயுதத்தில் நஞ்சு பூசுவது, கிணற்றைக் கெடுப்பது, வயலில் உப்பு விதைப்பது, சண்டையில் இல்லாதவரைக் கொல்வது, கண்டபடி சித்திரவதை செய்வது எல்லாம் அவருக்கு எதிரான பாவம். எதிரி இல்லாத நேரம் பார்த்து அவன் வீட்டையும் குடும்பத்தையும் ஆடுமாட்டையும் அழிப்பவன் கோழை. ஒரு சண்டை முடிந்த பிறகும் பழிக்குப் பழி என்று பரம்பரையாக இழுபடுகிற பகையை ஒழிப்பதும் குருவின் பொறுப்பு. போரை வேகமாக, ஒரு தீர்மானமான அடியில் முடிக்க வேண்டும், சும்மா இழுத்துக்கொண்டு போகக் கூடாது. தோல்வி உறுதி என்றால் பின்வாங்கலாம். எந்த எதிரியையும் இழிவாகப் பேசக் கூடாது, வயது, ஆண் பெண், இனம் எதுவும் பார்க்காமல் வீரம் எல்லாரிடமும் உண்டு என்று மதிக்க வேண்டும். கோப்ளினிடமும்தான்.

புறநானூறு படித்தவர்களுக்கு இந்த வரம்பு புதிதாக இருக்காது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய 9 ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அம்பு விடப்போகிறோம், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவர்களும் அரணுக்குள் போய்விடுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போருக்குப் போகிற அரசன் அவன். பலர் அந்தப் பாட்டோடு நிறுத்திவிடுவார்கள். அதே புலவர் அதே அரசனைப் பாடிய 15 ஆம் பாட்டையும் எடுங்கள். எதிரியின் கோட்டைக்குள் தேர் ஓடிய தெருவில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கினான், விளைந்த வயலில் தேரை விட்டான், காவலுள்ள குளத்தில் யானையை இறக்கினான் என்று அதே வாயால் புகழ் பாடுகிறார். டெம்பஸின் குரு ஒருவர் அந்த அவையில் இருந்திருந்தால் முதல் பாட்டுக்கு எழுந்து நின்று மரியாதை செய்திருப்பார், இரண்டாவது பாட்டு முடிய முன்னரே வெளியே போயிருப்பார். வயலும் குளமும் அவர் கணக்கில் போர்க்களம் இல்லை. உங்கள் அண்ணாவுக்கு இந்த இரண்டு பாட்டையும் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய பாத்திரம் நிற்கிறது, எந்தப் பக்கம் போவது என்று அவர் தீர்மானிக்கட்டும்.

இன்னொரு விதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. போர் யாருக்குத் தேவையோ அவனுக்கு ஆயுதம் கொடு, அவன் எதிரியானாலும் கொடு என்கிறது மறை. கோணேசர் கோயிலுக்குப் போகிறபோது ராவணன் வெட்டைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லாம் இழந்து வெறுங்கையோடு நின்ற ராவணனை, இன்று போய் நாளை வா என்று அனுப்பிய கதையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசையில் இது எவ்வளவு நல்ல காட்சி என்று யோசியுங்கள். எதிரியின் வாள் கையை விட்டுப் போகிறது. விதிப்படி அடுத்த அடி கிளெரிக்குடையது. அவர் அடிக்காமல், கீழே கிடக்கும் வாளைக் காலால் எதிரியின் பக்கம் தள்ளிவிடுகிறார். கூட்டாளிகள் கத்துவார்கள், கத்தட்டும். அந்த ஒரு அசைவில் அவர் யாருடைய பூசாரி என்று மேசையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

டெம்பஸ் காட்சி தருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவரிடம் இரண்டு குதிரைகள். வெள்ளைப் பெட்டைக் குதிரை வெய்ரோஸ், கறுப்பு ஆண்குதிரை டெய்ரோஸ். போருக்கு முன் வெய்ரோஸில் வந்தால் அந்தப் படைக்கு வெற்றி, டெய்ரோஸில் வந்தால் தோல்வி. ஆனால் அநேகமான நேரம் அவர் இரண்டு குதிரையிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டுதான் வருவார். என்ன நடக்கும் என்று அவருக்கே நிச்சயம் இல்லை என்று அர்த்தம்.

இதை என் மேசையில் விளக்க நான் பாவிப்பது எங்கள் கோட்டையைத்தான். இன்றைக்குப் புள்ளிமான் மேய்ந்துகொண்டு திரிகிற பிரெட்ரிக் கோட்டை. 1782 ஜனவரியில் அதை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். காப்பாற்ற ஓடிவந்த ஆங்கிலக் கப்பற்படை செப்டெம்பர் தொடக்கத்தில் குடாவுக்கு வெளியே வந்து பார்த்தால் சுவரில் பிரெஞ்சுக் கொடி. பிறகு சமாதானம் எழுதியபோது கோட்டை திரும்பவும் ஒல்லாந்தருக்கே போனது, 1795 இல் மறுபடி ஆங்கிலேயருக்கு. ஜனவரியில் வெள்ளைக் குதிரையைக் கண்டவன் ஓகஸ்டில் கறுப்புக் குதிரையைக் கண்டிருப்பான். அப்படியொரு துறைமுகக் கோட்டையை உங்கள் கதையில் வையுங்கள். கொடி எத்தனை தரம் மாறினாலும் உள்ளே மீன் விற்கிறவளும் தண்ணீர் சுமக்கிறவனும் அதே ஆட்கள்தான். டெம்பஸின் குரு ஒருவர் அந்தக் கோட்டைக்குள் நிரந்தரமாக இருக்கட்டும், எந்தக் கொடி ஏறினாலும் அவர் அங்கேயே இருப்பார், எல்லாப் படைக்கும் ஒரே விதியைச் சொல்லிக்கொண்டு. நான் நடத்திய கதைகளிலேயே பிள்ளைகள் அதிகம் விரும்பிய ஆள் அவர்தான்.

இப்போது அண்ணாவின் பாத்திரத்துக்கு வருவோம். டெம்பஸுக்கு முன்னால் போர்க்கடவுளாக இருந்தவர் கராகோஸ். வெறி, கொள்ளை, அழிவு எல்லாம் அவருடையது. டெம்பஸ் அவரை வென்று அந்த இடத்தைப் பிடித்தார், கராகோஸ் அழியாமல் ஒரு சின்னக் கடவுளாக இன்னும் ஓரமாய் இருக்கிறார். கோப்ளினை வெட்டிய கை உண்மையில் கராகோஸுக்குத்தான் பூசை செய்தது. இதை விடப் பெரிய கதை விதை உங்களுக்குக் கிடைக்காது, தங்கச்சி. ஐந்தாம் பதிப்பில் கிளெரிக்கின் சக்தி தானாகப் பறிபோகும் என்று விதி இல்லை, நீங்களும் பறிக்க வேண்டாம். பறித்தால் அண்ணா அதைத் தண்டனையாக எடுத்துச் சண்டைக்கு வருவார். அதற்குப் பதிலாக, அவர் அடுத்த முறை கும்பிடும்போது பதில் கொஞ்சம் கெதியாக, கொஞ்சம் அதிக ஆசையோடு வரட்டும். இரத்தம் கேட்கிற குரலாக வரட்டும். மூன்றாம் முறை அவரே கேட்பார், இது யார் கதைக்கிறது என்று. அப்போது கனவில் கறுப்புக் குதிரை மட்டும் தனியாக நிற்கிறது என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

டெம்பஸைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எல்டாத் தொடர்பானது. எல்டாத் சமாதானத்தின் தெய்வம், அருவியும் அசையாத குளமும் அவளுடைய சின்னம். போர்க்கடவுளுக்கும் அவளுக்கும் எட்டாப் பொருத்தம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். டெம்பஸ் அவளை உலகம் தெரியாதவள் என்று நினைக்கிறார், அது உண்மை. ஆனால் அவளுடைய குருமாருக்கோ கோயிலுக்கோ யாராவது தீங்கு செய்தால் டெம்பஸே அவர்களைத் தண்டிக்கிறார். சமாதானம் என்று ஒன்று இல்லாவிட்டால் போருக்கு அர்த்தமே இல்லை என்று அவர் கருதுவதால் இருக்கலாம் என்கிறார்கள் எழுதியவர்கள். இந்த ஒரு வரிக்காகவே நான் இவரை மேசையில் வைத்திருக்கிறேன்.

நான் நடத்திய ஒரு காட்சியை அப்படியே தருகிறேன், எடுத்துப் பாவியுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்துக் கட்டியது. காட்டுக்குள் ஏழு சின்னக் கிணறுகள், சுற்றி இடுப்பளவு கல்மதில், உள்ளே எல்டாத்தின் வயதான குரு ஒருத்தி, கையில் ஒரு வாளி. துரத்தப்பட்ட எதிரித் தலைவன் காயத்தோடு மதிலைத் தாண்டி உள்ளே விழுகிறான். கிழவி அவன் தோளில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல், மதிலுக்குள்ளே ஆயுதம் எடுக்காதீர்கள் பிள்ளைகள் என்கிறாள். வில் வைத்திருந்த பொடியன் உடனே கேட்டான், உள்ளே போகாமல் வெளியே நின்று எய்யலாம்தானே என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. டெம்பஸின் கிளெரிக்காக ஆடிய பிள்ளை எழும்பி, தன் கூட்டாளியின் அம்புக்கு முன்னால் போய் நின்றாள். "எய்யிறதெண்டா என்னைத் தாண்டித்தான்." அவன், "நீ போர்ச்சாமிட ஆள்தானே?" என்றான். அவள், "அதாலதான்" என்றாள். அந்தத் தலைவன் குணமாகி மதிலுக்கு வெளியே வந்ததும் அவளே அவனுடைய வாளை அவனிடம் கொடுத்துவிட்டுச் சண்டை பிடித்தாள். வென்றாள், ஆனால் கொல்லவில்லை. அந்தக் கதையின் கடைசியில் எதிரிப் படை சமாதானம் கேட்டு ஆள் அனுப்பியபோது, பெயர் சொல்லிக் கேட்டது அவளைத்தான்.

டெம்பஸின் மறையில் எனக்கு ஒத்துவராத ஒரு இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். போர் ஒரு இயற்கைச் சக்தி, மனிதர் கட்டிய நாகரிகம் தானே கொண்டுவருகிற புயல் என்கிறது மறை. எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டுகிறது, எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவுகிறது, அதனால் அது நியாயமானது என்றும் சொல்கிறது. இதை நான் ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் கடல் வந்ததை எங்கள் ஊர் கண்டது. போரையும் கண்டது. இரண்டும் ஒன்று என்று இங்கே எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். கடலுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. போர் எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டுவதும் இல்லை. வலை போடுகிறவனுக்குக் கடல் மூடப்படுகிறது, வேறு யாருக்கோ அதே நாளில் வியாபாரம் நடக்கிறது. ஆகவே இந்த வரியை நீக்காதீர்கள், கதைக்குள்ளேயே வாதமாக ஆக்குங்கள். கோட்டைக் குரு இதைப் பிரசங்கம் செய்யட்டும், மீன் விற்கிறவள் எழும்பி மறுத்துப் பேசட்டும், அண்ணாவின் கிளெரிக் நடுவில் நின்று பதில் தேடட்டும். ஒரு கற்பனைக் கடவுளின் மிகப் பெரிய பயன் அதுதான் என்று நினைக்கிறேன். அவரோடு வாதாடலாம், ஒருவர் மனமும் புண்படாது.

இதனால்தான், டெம்பஸை எடுத்துவிட்டு முருகனை வைப்போமா என்று சிலர் கேட்கும்போது வேண்டாம் என்கிறேன். எண்பதுகளில் வந்த ஒரு விதிப் புத்தகத்தில் எங்கள் கடவுள்களுக்கும் அடிபுள்ளி, கவசப்புள்ளி எல்லாம் போட்டு அச்சடித்திருந்தார்கள். கும்பிடுகிற சாமியை நூறு புள்ளி இழந்தால் விழுகிறவராக எனக்குப் பார்க்க விருப்பமில்லை. ஆனால் சூரசம்ஹாரத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் கோயில் வீதியில் சூரன் தலை மாற்றி மாற்றி ஓடி வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தப் போர் எப்படி முடிகிறது என்று தெரியும். சூரன் சேவலும் மயிலும் ஆகிறான், கொடியிலும் வாகனத்திலும் இடம் பெறுகிறான். பகைவனுக்கு இப்படியொரு முடிவைக் கொடுக்கிற கதையைக் கேட்டு வளர்ந்துவிட்டு, மேசைக்கு வந்ததும் கோப்ளினின் கழுத்தை மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை. உங்கள் கதையில் தோற்ற எதிரிக்கு ஒரு இடம் தேடுங்கள்.

அம்மம்மா எழும்பிப் போனதுதான் உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவவிடம் போய் இது வெறும் விளையாட்டு என்று விளக்காதீர்கள், அவவுக்கு அது தெரியும். விறாந்தையில் ஒரு பிள்ளை உரத்த குரலில், சரணடைந்தவனைக் கொன்றதைப் பெருமையாகச் சொன்னதுதான் அவவின் காதில் விழுந்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டு இருக்க முடியாத வயது அவவுடையது. போய்ப் பக்கத்தில் இருங்கள். எதைக் கேட்க விருப்பமில்லை என்று கேளுங்கள், சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் இது வேண்டாம் என்று சொன்னால் வேறு வீட்டில் விளையாடுங்கள்.

மேசையில் இருப்பவர்களிடமும் அதே கேள்வி. திருகோணமலையில் ஒரு மேசை என்றால் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை எல்லாரும் இருப்பார்கள், ஒவ்வொரு வீட்டிலும் போர் வேறு மாதிரி நடந்திருக்கும். கதை தொடங்க முன் எது வரலாம் எது வரக் கூடாது என்று பேசி முடிப்பது உலகம் முழுவதும் இப்போது வழக்கம். எங்கள் ஊருக்கு அது கட்டாயம். என் மேசையில் காணாமல் போன பிள்ளையைத் தேடும் கதை வராது, சோதனைச் சாவடிக் காட்சி வராது. காயத்தை நுணுக்கமாக வர்ணிப்பதும் இல்லை, விழுந்தான் என்றால் விழுந்தான். இந்தப் பேச்சு முடிந்த மேசையில் டெம்பஸ் வருவது நல்லது என்பேன், ஏனென்றால் விழுந்தவர்களை நினைப்பதை இவரைப் போல விதியாக வைத்திருக்கிற கடவுள் வேறு எனக்குத் தெரியவில்லை. கோயிலில் ஒவ்வொரு நாளும் நடுப்பகலில் வீரர்களின் விருந்து, சூரியன் விழும்போது மாண்டவர்களுக்கான பாட்டு. வருடத்தின் பெரிய நாள் நிலாத் திருவிழா, அது இறந்தவர்களுக்கானது. நிலாவெளி வீதியால் போகும்போது இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். அதிகாரி, சிப்பாய் என்ற பேதமில்லாமல் எல்லாக் கல்லும் ஒரே அளவு. டெம்பஸின் கோயில் முற்றம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அண்ணாவின் கிளெரிக் அந்திப் பாட்டைச் செய்ய வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. எதிரியின் பெயர் தெரியாவிட்டால் கேட்டு அறிய வேண்டும். இதைக் கட்டாயமாக்கினால் அவர் கொல்ல முன்னரே பெயர் கேட்கப் பழகிவிடுவார்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் பேசுவது 2014 பதிப்பை. கைடட் ஸ்ட்ரைக் என்ற சக்தி: பகடைக் கட்டையை உருட்டி எண்ணைப் பார்த்த பிறகு, பட்டதா இல்லையா என்று நீங்கள் சொல்ல முன், பத்தைக் கூட்டலாம். இதைப் பாவிக்கும்போது ஏன் இந்த அடி பட வேண்டும் என்று ஒரு வசனம் சொல்லக் கேளுங்கள். வார் ப்ரீஸ்ட் என்ற சக்தி: விஸ்டம் மொடிஃபையர் (விஸ்டம் புள்ளியிலிருந்து வருகிற கூட்டல் எண்) எத்தனையோ அத்தனை தரம், போனஸ் அக்ஷனில், அதாவது மேலதிக அசைவில், இன்னொரு அடி. ஆறாம் நிலையில் அந்தப் பத்தைக் கூட்டாளிக்கும் கொடுக்கலாம். அங்கேதான் இந்தக் கிளெரிக் தன் வாளைத் தாண்டி யோசிக்கத் தொடங்குவார். தலைக்கவசம் எப்போதும் தலையில் இருக்கட்டும், சண்டை இல்லாத நாளிலும் தலையை மூடிக்கொள்வது இவர்கள் வழக்கம். அடிபட்டு நெளிந்த கவசத்தைப் பளபளப்பாக்கத் தேவையில்லை, அதுதான் இவர்களுக்கு உடுப்பு. திட்டம் போட்டு ஆடுவதுதான் அண்ணாவுக்குப் பிடிக்கும் என்றால் ரெட் நைட் என்ற தெய்வத்தைக் காட்டுங்கள். போர்த் தந்திரம் அவளுடையது, சதுரங்கக் குதிரை போன்ற சிவப்புக் காய் அவளுடைய சின்னம், டெம்பஸ்தான் அவளை வளர்த்துவிட்டவர். கோபம் இல்லாமல் வெல்லப் பழக அவள் நல்ல குரு.

ஐந்தாம் நிலைக்கு வரும்போது அண்ணாவுக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரம் தானாகக் கிடைக்கும். சுற்றிப் பதினைந்து அடிக்குள் ஆவிகள் சுழலும், உள்ளே வருகிற எதிரிக்கு மூன்று எட்டுமுகக் கட்டை அளவு அடி. அந்த ஆவிகள் எப்படி இருக்கும் என்பது கிளெரிக்கைப் பொறுத்தது, இதுவரை அந்திப் பாட்டில் பெயர் சொன்ன ஆட்கள்தான் அவர்கள் என்று வையுங்கள், இரு தரப்பிலும் விழுந்தவர்கள். மந்திரத்தைப் போடுகிற நேரம், கண்ணுக்குத் தெரிகிறவர்களில் யார் யாருக்கு அது தீங்கு செய்யக் கூடாது என்று தெரிவு செய்யலாம், எத்தனை பேரானாலும் பரவாயில்லை. பலர் "என் ஆட்கள்" என்று சொல்லிவிட்டு உருட்டப் போய்விடுவார்கள். அண்ணாவை அப்படி விடாதீர்கள். களத்தில் ஆயுதம் இல்லாமல் நிற்கிற குதிரைக்காரப் பையன், வண்டிக்குக் கீழே ஒளிந்திருக்கிறவள், வாளைப் போட்டுவிட்ட எதிரி எல்லாரையும் முதலே விவரித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொருவராக அவர் வாயால் சொல்லும்வரை கட்டையை உருட்ட விடாதீர்கள்.